ஸ்டென்ட் வைத்தவர் அமெரிக்கா போகிறார்: எது பெட்டியில், எது கையில்?

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கோடு போட்ட தாளில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 64, கணவருக்கு 69. நியூ ஜெர்சியில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். இன்னும் ஐந்து வாரத்தில் இருவரும் கிளம்புகிறார்கள். சென்னையில் ஏறி, துபாயில் விமானம் மாறி, நியூயார்க்கில் இறங்க வேண்டும். ஐந்து மாதம் தங்கல். இதுவரை இருவரும் விமானத்தில் ஏறியதே இல்லை.

கணவருக்கு 20 வருடமாகச் சர்க்கரை. 30/70 இன்சுலினைக் குப்பியிலிருந்து ஊசியில் எடுத்து, காலையில் 20 யூனிட், இரவில் 14 யூனிட் போட்டுக்கொள்கிறார். எட்டு மாதத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து, இதய ரத்தக்குழாயை அடைக்காமல் விரித்துவைக்கும் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் இரண்டும் தினமும் உண்டு. கடிதம் எழுதிய அம்மாவுக்கு மூட்டுவலிக்கு டிரமடால் கலந்த மாத்திரை. தூக்கத்துக்கு மூன்று வருடமாக அல்பிரஸோலம்.

ஸ்டென்ட் வைத்தவரை விமானத்தில் ஏற்றலாமா, செக்கிங்கில் அலாரம் அடிக்குமா, இன்சுலினை எப்படி எடுத்துப்போவது என்பவைதான் அவர் கேள்விகள். ஆனால் கேள்வியாகக் கேட்டவற்றைவிட, போகிறபோக்கில் சொல்லியிருந்தவைதான் எனக்குக் கவலை தந்தன. ‘மருந்தெல்லாம் பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துவிடலாம் என்றிருக்கிறேன். இடம் மிச்சமாகட்டும் என்று மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டாயிற்று. இன்சூரன்ஸ் ஏஜென்ட், சர்க்கரை, ஸ்டென்ட் எதையும் எழுத வேண்டாம், பிரீமியம் ஏறிவிடும் என்கிறார். மகளுக்கு பிரசவ லேகியம், கால் கிலோ கசகசா, தோட்டத்துக் கறிவேப்பிலை எடுத்துப்போகிறேன்.’

அம்மா, முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல்தான் இருக்கும். ஊட்டி ஏறக்குறைய 7,350 அடி. அதாவது உங்கள் வீட்டுக்காரர் ஊட்டியில் ஒரு பகல் உட்கார்ந்திருப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தெருவில் 100 மீட்டர் சாதாரணமாக நடந்து, மாடிப்படி ஒரு தளம் ஏறி, மூச்சு வாங்காமல், நெஞ்சு பிடிக்காமல் இருக்கிறார் என்றால், ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆனவர் தாராளமாகப் பறக்கலாம். கிளம்புவதற்கு முன் இதய மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள், அது போதும். ஸ்டென்ட் அலாரம் அடிக்காது. அது பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கைவிடச் சின்னக் கம்பிவலை.

உயரத்தைவிட ஆபத்து, க்ளோபிடோக்ரெல் இரண்டு நாள் விட்டுப்போவதுதான். ஸ்டென்ட் வைத்த முதல் வருடத்தில் அந்த மாத்திரை நின்றால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பெரிய பெட்டி துபாயில் தங்கிவிட்டு மூன்றாம் நாள் வந்து சேருவது ஒன்றும் அதிசயம் இல்லை. அதனால் மாத்திரை, இன்சுலின், குளுக்கோமீட்டர் எல்லாம் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். சக்கர நாற்காலியில் போனால் மடியில். உதவிக்கு வருபவர் தள்ளும் டிராலியில்கூட வைக்க வேண்டாம்.

சக்கர நாற்காலி என்றதும் உங்கள் வீட்டுக்காரர் ‘நான் என்ன நோயாளியா’ என்று கோபப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். துபாயில் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு நடப்பது, மகாமகக் குளத்தை நாலு சுற்று சுற்றுவதுபோல் ஆகலாம்; நடுவே ரயிலும் லிஃப்டும் வேறு. அவருக்கு வேண்டாமென்றால், உங்கள் மூட்டுவலிக்கு என்று சொல்லி இரண்டு பேருக்கும் டிக்கெட்டிலேயே பதியச் சொல்லுங்கள். மொழி தெரியாத இடத்தில் குடியேற்ற வரிசைவரை கூடவே வரும் ஒரு ஆள் கிடைப்பார். சாருக்கு இந்தக் காரணத்தைச் சொல்லிப் பாருங்கள்.

இன்சுலின்: பெட்டியில் உறையும், காரில் வேகும்

விமானத்தின் அடியில் சரக்கு அறையில் குளிர் அதிகம். இன்சுலின் உறைந்துவிட்டால் திரும்பக் கரைந்தாலும் வேலை செய்யாது. பார்த்தால் நல்லதுபோலவே இருக்கும், அதுதான் தொல்லை. கைப்பையில் கொண்டுபோக எந்தத் தடையும் இல்லை. 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்கிறார்களே, உங்கள் குப்பி 10 மில்லிதான். ஊசியும் மருந்தோடு சேர்ந்து, டாக்டர் சீட்டோடு இருந்தால் விடுவார்கள். எக்ஸ்ரே இயந்திரத்தில் போனால் இன்சுலின் கெடாது. பாதுகாப்புச் சோதனையில் கேட்பதற்கு முன்பே எடுத்து வெளியே வைத்து ‘இன்சுலின்’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உலகம் முழுக்க எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை அது.

விமானத்துக்குள் ஃபிரிட்ஜ் தேட வேண்டாம், பணிப்பெண்ணிடம் கொடுத்து வைக்கவும் வேண்டாம். இறங்கும் அவசரத்தில் அங்கேயே தங்கிவிடும். சின்ன குளிர்காப்புப் பை போதும், ஐஸ் ஜெல் குப்பியில் நேரடியாகப் படாமல் ஒரு துணி சுற்றுங்கள். உண்மையில் உங்கள் இன்சுலினுக்குச் சோதனை, கும்பகோணத்திலிருந்து சென்னை வரும் ஆறேழு மணி நேரக் கார் பயணம்தான். டீ குடிக்க இறங்கும்போது வெயிலில் நிற்கும் காருக்குள் பையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இனி நான் சொல்வதை நிதானமாகப் படியுங்கள், மகளையும் படிக்கச் சொல்லுங்கள். நம் ஊர்க் குப்பியில் ‘40 ஐ.யூ./மி.லி.’ என்று போட்டிருக்கும், அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கேற்ற ஊசிதான் சிவப்பு மூடி போட்டது. அமெரிக்காவில் கடையில் கிடைக்கும் குப்பி 100 யூனிட் செறிவு. அதற்கான ஊசி பெரும்பாலும் ஆரஞ்சு மூடி. இங்கிருந்து கொண்டுபோனது தீர்ந்ததும் மகள் அங்கே ஒரு குப்பி வாங்கி வருவாள். உங்கள் வீட்டுக்காரர் பழக்கப்பட்ட சிவப்பு மூடி ஊசியில் வழக்கம்போல் 20-ஆம் கோடுவரை இழுப்பார். உள்ளே போவது 20 யூனிட் இல்லை, 50. அன்று காலையே மயங்கி விழுந்துவிடுவார். தலைகீழாக, நம் ஊர்க் குப்பியிலிருந்து அவர்கள் ஊசியில் 20 இழுத்தால் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை 400-க்கு ஏறும், காரணம் யாருக்கும் புரியாது.

இதற்கு என் யோசனை, இந்த வாரமே உங்கள் சர்க்கரை மருத்துவரைப் பார்த்து அவரைப் பேனா இன்சுலினுக்கு மாற்றிவிடுங்கள். பேனா இங்கேயும் அங்கேயும் 100 செறிவுதான், திருகினால் யூனிட்டையே காட்டும், கோடு எண்ண வேண்டியதில்லை. பழகிக்கொள்ள ஐந்து வாரம் இருக்கிறது. செலவு கூடும், மறுக்கவில்லை. முடியாதென்றால் குப்பி எந்த நாட்டதோ ஊசியும் அந்த நாட்டதே என்று வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே டப்பாவில் கலக்காமல் வையுங்கள். இன்னொரு சின்னக் குழப்பம்: இங்கே 30/70 என்பதை அங்கே 70/30 என்று எழுதுவார்கள். மருந்து ஒன்றுதான்.

விமானத்தில் ஊசி எப்போது? நியூயார்க் இறங்கும்வரை கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விடுங்கள். மேற்கே போவதால் அன்றைய நாள் ஒன்பதரை மணி நேரம் நீளும், குளிர்காலமானால் பத்தரை. ஒரு சாப்பாடு கூடுதலாக வரும். அந்தச் சாப்பாட்டுக்கு எத்தனை யூனிட் என்பதை மருத்துவரிடம் எண்ணாக எழுதி வாங்குங்கள். ‘பார்த்துப் போட்டுக்குங்க’ என்ற பதிலை ஏற்காதீர்கள். இன்னொன்று: தட்டு மடியில் வந்து, மூடியைத் திறந்து, சாப்பிடும்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ஊசி. என்னிடம் வரும் ஒருவர், சாப்பாட்டு வண்டி நாலு வரிசைக்கு முன்னால் வருவதைப் பார்த்து ஊசியைப் போட்டுவிட்டார். விமானம் குலுங்க ஆரம்பித்தது. எல்லாரும் பெல்ட் போடுங்கள் என்று சொல்லி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். முக்கால் மணி நேரம். பக்கத்து சீட்டுக் குழந்தையின் சாக்லேட்தான் அவரைக் காப்பாற்றியது. சட்டைப்பையில் குளுக்கோஸ் மாத்திரையோ சர்க்கரைக் கட்டியோ இருக்கட்டும். கடலைமிட்டாய் அவசரத்துக்கு ஆகாது, கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். ஒரு நாள் சர்க்கரை 220 இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. 50-க்கு இறங்கக் கூடாது.

சாப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் சைவம் என்பதால் டிக்கெட்டில் ‘ஹிந்து மீல்’ போடச் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாற்றுங்கள். அந்தப் பெயரில் மாட்டிறைச்சி வராது, ஆனால் கோழியும் ஆடும் வரும். நீங்கள் கேட்க வேண்டியது ‘ஏசியன் வெஜிடேரியன்’.

துபாய் வழி என்பதால்

கசகசாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நமக்கு அது குருமாவுக்கு அரைக்கிற சாமான்; ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள், அபினிச் செடியின் விதை. ‘நாங்கள் ஊருக்குள் போகவில்லையே, விமானம்தானே மாறுகிறோம்’ என்ற சமாதானம் அங்கே எடுபடும் என்று நம்பி கால் கிலோ கசகசாவுக்காகப் பேரப்பிள்ளை பிறப்பைத் தவறவிட வேண்டாம்.

உங்கள் இரண்டு மாத்திரைகளும் இதே வகைதான். டிரமடாலும் அல்பிரஸோலமும் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். நம் நாட்டிலும் டிரமடால் 2018-லிருந்து போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் இருக்கிறது. அமெரிக்காவிலும் இரண்டும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உண்டு. மூட்டுவலிக்கு வெறும் பாராசிட்டமாலும் தடவும் மருந்தும் வைத்துச் சமாளிக்கலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். ஆனால் டிரமடாலையும் அல்பிரஸோலத்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். முக்கியமாக, மூன்று வருடம் தினமும் சாப்பிட்ட அல்பிரஸோலத்தைச் சட்டென்று விட்டால் நடுக்கம், படபடப்பு, சிலருக்கு வலிப்புகூட வரும். ஐந்து வாரத்தில் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று பார்க்கலாம். முடியாவிட்டால் இரண்டு வழி. அமீரக அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கலாம், மகளால் செய்துவிட முடியும். அல்லது டிக்கெட்டை ஐரோப்பா வழியாக மாற்றலாம், பணம் கொஞ்சம் போகும். அனுமதி வாங்குவது மலிவு. ஆனால் அனுமதித் தாள் கையில் வராமல் மாத்திரையோடு விமானம் ஏறாதீர்கள். எது எப்படியானாலும் விமானத்துக்குள் தூக்க மாத்திரை வேண்டாம். 14 மணி நேரம் காலை அசைக்காமல் தூங்கினால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். மணிக்கொரு தரம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள், இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள். பக்கத்து வீட்டார் சொன்னபடி நீங்கள் ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளத் தேவையில்லை.

டப்பாவில் கொட்டிய மாத்திரைகளைப் பற்றி. பெயர் இல்லாத வெள்ளை மாத்திரை எந்த ஊர்ச் சுங்க அதிகாரிக்கும் சந்தேகத்துக்குரிய பொருள்தான். புது அட்டைகள், ரசீதோடு வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கா பொதுவாக 90 நாள் அளவுக்குத்தான் சொந்த மருந்தை அனுமதிக்கிறது. ஐந்து மாதத்துக்கும் மூட்டை கட்ட வேண்டாம். மூன்று மாதத்துக்கு எடுத்துக்கொண்டு, போன முதல் மாதமே அங்கே ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின், மெட்ஃபார்மின் எல்லாம் அங்கே பொதுப்பெயரில் மலிவாகவே கிடைக்கும். வில்டாக்ளிப்டின், கிளிக்ளஸைடு போல இங்கே ரொம்பவும் புழங்கும் சில சர்க்கரை மாத்திரைகள் அங்கே விற்பனையிலேயே இல்லை. உங்கள் வீட்டுக்காரர் பட்டியலில் அப்படி ஏதும் இருந்தால் இப்போதே மாற்று கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் ஆங்கிலத்தில், தட்டச்சில் இருக்க வேண்டும்.

சீட்டில் இன்னொரு விஷயம், நம் ஊருக்கே உரியது. நமக்கு இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கும். டாக்டர் சீட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறு பெயர் என்றால் அது வேறொருவர் மருந்து என்றே வெளிநாட்டு அதிகாரி நினைப்பார். பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டி, அதில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்டென்ட் அட்டை, கடைசி ஈ.சி.ஜி. மூன்றையும் படம் எடுத்து இரண்டு பேர் போனிலும் வையுங்கள். அங்கே நெஞ்சில் ஏதாவது என்று போனால், பழைய ஈ.சி.ஜி.யோடு ஒப்பிட்டுத்தான் புதிதாக வந்தது எது என்று சொல்ல முடியும்.

காப்பீட்டுப் படிவம்

ஏஜென்ட் சொன்னது உங்கள் நன்மைக்கு இல்லை. மறைத்து வாங்கிய பாலிசி எப்போது உதவ வேண்டுமோ அப்போதுதான் உதவாது. நெஞ்சுவலி என்று போனால் முதல் ஆஞ்சியோகிராமிலேயே ஸ்டென்ட் தெரிந்துவிடும். காப்பீட்டுக் கம்பெனி இங்கே உள்ள ஆஸ்பத்திரிப் பதிவைக் கேட்கும். முழுத் தொகையையும் மறுப்பார்கள், பில் மகள் தலையில் விழும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

எழுதினாலும் எல்லாம் கிடைத்துவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே வாங்கும் பயணப் பாலிசிகள் பலவற்றில், ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் மட்டும், அதுவும் ஒரு வரம்புவரைதான் கொடுப்பார்கள். அமெரிக்கக் கம்பெனிகள் வருகையாளர்களுக்கு விற்கும் பாலிசியில், பழைய நோய் திடீரென்று முற்றினால் மட்டும் என்று ஒரு பிரிவு இருக்கும். 70 வயதுக்குமேல் அந்த வரம்பு பலவற்றில் சட்டென்று குறையும். உங்கள் வீட்டுக்காரருக்கு 69. தங்கியிருக்கும்போது 70 முடிகிறதா என்று பார்த்து, அப்படியானால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நிலையான தொகை தரும் மலிவுப் பாலிசியை வாங்காதீர்கள், அமெரிக்க ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பணமில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற உங்கள் பயம் வேண்டாம். 1986-லிருந்து அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. அவசரப் பிரிவுக்கு வந்தவரைப் பரிசோதித்து, நிலைமையைச் சீராக்கிவிட்டுத்தான் மற்ற பேச்சு. பில் அப்புறம் வரும். அதனால் நெஞ்சுவலி என்றால், செலவை நினைத்துக் காலைவரை காத்திருக்காமல் அங்குள்ள அவசர எண் 911-ஐ அழையுங்கள்.

குழந்தைக்காக

லேகியத்தில் வெறும் இஞ்சி, மிளகு, ஓமம், வெல்லம் என்றால் எனக்கு மறுப்பு இல்லை. உலோகங்களைப் புடம்போட்டுச் செய்யும் பஸ்பம், செந்தூரம் சேர்ந்த எதுவும் வேண்டாம். 2011-12-இல் நியூயார்க் நகரத்தில் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததைச் சுகாதாரத் துறையினர் ஆராய்ந்தபோது, அவர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகள் என்று தெரிந்தது. ஈயம் தாயிடமிருந்து சிசுவுக்கும் போகும். யார் செய்தது, என்ன போட்டது என்று உங்களுக்குத் தெரியாத மருந்தை மகளுக்குக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: உங்கள் இருவருக்கும் கக்குவான் இருமல் தடுப்பூசி. ‘டிடாப்’ என்று கேட்டால் நகரத்துக் கிளினிக்குகளில் கிடைக்கும். பெரியவர்களுக்கு வெறும் இருமலாக வந்துபோவது, இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு மூச்சையே நிறுத்திவிடும். குழந்தையைத் தூக்குவதற்கு இரண்டு வாரமாவது முன்பே போட்டிருக்க வேண்டும். ஃப்ளூ ஊசியையும் கூடவே போட்டுவிடுங்கள்.

பச்சைக் கறிவேப்பிலை கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் ஒரு பூச்சி அந்த இலையில் தொற்றி வரும் என்பதால் அமெரிக்காவில் தடை. மகள் வீட்டுப் பக்கத்து இந்தியக் கடையிலேயே கிடைக்கும். ஊறுகாய் கொண்டுபோகலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். கொண்டுபோகலாம், கைப்பையில் போட்டால் திரவக் கணக்கில் பிடுங்கிவிடுவார்கள், பெரிய பெட்டியில் இறுக மூடிச் சுற்றி வையுங்கள். இறங்கியதும் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டால், இருக்கிறது என்று சொல்லுங்கள். சொன்னவருக்கு அபராதம் இல்லை, அதிகம் போனால் எடுத்துக் குப்பையில் போடுவார்கள். அப்படிப் போகாமல் தப்பித்த ஊறுகாயில் சாருக்கு மட்டும் கொஞ்சமாகப் பரிமாறுங்கள், உப்பு அதிகம்.